ரங்கூன் போகத் தேவையில்லை

கட்டிய புருஷனை விட்டு விலகி வேறு வாழ்க்கை தேடிக்கொண்ட ஒரு பெண்ணை, சின்ன காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் எண்பது வருஷத்துக்கு முன்பே கதையில் வைத்தார். அவள் பெயர் ரங்கம். எழுதியவர் அண்ணா. 1909-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, நகராட்சியில் கொஞ்ச காலம் குமாஸ்தாவாக இருந்தவர். 1942-ல் காஞ்சியிலிருந்தே 'திராவிட நாடு' இதழைத் தொடங்கினார். 'ரங்கோன் ராதா' அதில்தான் தொடராக வந்தது.

கோட்டையூர் தர்மலிங்க முதலியாருக்கு மச்சினி தங்கத்தின் மீதும், அவளோடு வரப்போகும் சொத்தின் மீதும் கண். மனைவி ரங்கத்துக்குப் பேய் பிடித்துவிட்டது, புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரையே நம்ப வைக்கிறார். கடைசியில் ரங்கம் போய்ச் சேருமிடம் ரங்கூன். ராதா அந்த இரண்டாவது வாழ்க்கையின் மகள். 1956-ல் சிவாஜி, பானுமதி நடித்துப் படமாகவும் வந்தது, வசனம் கலைஞர்.

ஏன் அவ்வளவு தூரம்? செங்கல்பட்டுக்கோ, ரயிலேறிச் சென்னைக்கோ போயிருக்கலாமே? போயிருந்தால் மறுநாளே ஆள் வைத்துத் தேடி, திரும்பக் கொண்டுவந்து விட்டிருப்பார்கள். செங்கல்பட்டில் 1929-ல் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் மண விலக்கு உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தது. ஆனால் தீர்மானத்தைக் காட்டி எந்தக் கோர்ட்டிலும் தீர்ப்பு வாங்க முடியாது. சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் வந்தது 1949-ல். நாடு முழுமைக்கும் 1955-ல். ரங்கம் கிளம்பிய காலத்தில் கோர்ட்டைவிடக் கப்பல்தான் கிட்டத்தில் இருந்தது.

சட்டம் வருமுன் யாரும் பிரியவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். உழைத்துப் பிழைக்கிற பல சாதிகளில் பஞ்சாயத்தைக் கூட்டிப் பரிசப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துத் தீர்த்துவிடுவது சாதாரணமாக நடந்தது. அந்தப் பெண் இன்னொருவனைக் கட்டிக்கொள்வாள். 'அறுத்துக் கட்டுற சாதி' என்று மேலே இருந்தவர்கள் அதை இளப்பமாகப் பேசினார்கள். பிறகு கையில் காசு சேர்ந்து அந்தஸ்து ஏறியபோது, அந்த இளப்பத்துக்குப் பயந்தே பல குடும்பங்கள் பழைய வழக்கத்தைக் கைவிட்டன. பெண்களுக்கு இருந்த ஒரு கதவைக் கௌரவம் சாத்தியது. 1955-ம் வருஷத்துச் சட்டம்கூட வழக்கப்படி தீர்த்துக்கொள்வதைச் செல்லும் என்றே விட்டுவைத்திருக்கிறது, விட்டுவிட்டது வீடுகள்தான்.

காஞ்சிபுரத்தில் இதற்கு மேல் இன்னொரு கட்டு இருந்தது. அது தறி. அசல் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், இரண்டு கரைக்கும் வேறு நிறம். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். குழியில் உட்கார்ந்திருப்பவர் ஒரு கரையைப் பார்த்துக்கொள்ள, அடுத்த கரையின் நாடாவை வாங்கித் தள்ள இன்னொருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு இழைக்கும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால்தான் கோர்வை. தனியாளாக ஒரே நாடாவில் நெய்தால் உடலின் ஊடையே கரையிலும் ஓடும், கரையின் நிறம் தனித்து நிற்காது. வெளியாளுக்குக் கூலி கொடுத்துக் கட்டாது என்பதால் பெரும்பாலும் மனைவியோ பிள்ளைகளோ உட்கார்ந்தார்கள். தார் சுற்றுவதும் அவள் வேலை. கூலியோ முதலாளியின் கணக்கில் புருஷன் பெயரில் ஏறும். வாங்கிய முன்பணமும் அப்படியே. அவள் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனால் இங்கே தறி நிற்கும். அங்கேயும் இதே மாதிரி ஒரு தறி, அதில் அண்ணியின் கை. "ரெண்டு நாள் இருந்துட்டுப் போடி" என்று அம்மா சொல்வதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை, மூன்றாம் நாள் சோற்றுக் கணக்கும் உண்டு.

இன்று அதே தெருக்களில் விடிகாலையில் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தி தொடங்கியது 1998-ல். பிறகு சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று நெடுக ஆலைகள். செல்போன், டிவி உதிரிபாகம் சேர்க்கிற வரிசைகளில் பெரும் பகுதி பெண்கள். கூலி குறைவு, ஷிப்ட் இடுப்பை ஒடிக்கும், ஒப்பந்த வேலை எப்போது போகும் என்று தெரியாது. ஆனாலும் சம்பளம் அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் விழுகிறது. காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளில் சேலை விரித்துக் காட்டும் பெண்ணுக்கும் அப்படித்தான். விவாகரத்தைப் பற்றி நாவல்கள் சொன்னதையெல்லாம்விட இந்த பாஸ்புக் அதிகம் சொல்லியிருக்கிறது என்பது என் கட்சி.

சட்டமும் மெல்லத்தான் இளகியது. ஜெயகாந்தனின் 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' நாவலில் கல்யாணிக்கும் ரங்காவுக்கும் இடையே பெரிய சண்டை கிடையாது, ஒத்துப்போகவில்லை, அவ்வளவே. வக்கீலிடம் போகிறார்கள். பரஸ்பர சம்மதத்தோடு பிரிய அன்றைய இந்துத் திருமணச் சட்டத்தில் இடமில்லை. யார் மீதாவது குற்றம் இருந்தாக வேண்டும். பரஸ்பர சம்மத வழி 1976 திருத்தத்தில்தான் திறந்தது. அதுவரை விவாகரத்து கிடைத்தவர்கள்கூட மறுமணத்துக்கு இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்றிருந்ததையும் அந்தத் திருத்தமே எடுத்துப்போட்டது. மனுவுக்கும் தீர்ப்புக்கும் இடையிலான ஆறு மாதக் காத்திருப்பைத் தேவைப்பட்டால் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கதைகள் என்ன செய்தன? ரமணிசந்திரன் நாவல்களை வாடகை நூலகத்தில் எடுத்து, மத்தியானத் தூக்கத்தை விட்டுப் படித்த தலைமுறைக்கு, கல்யாணத்தில் வந்த பிணக்கு கடைசி அத்தியாயத்துக்குள் தீர்ந்தாக வேண்டும். பிரிந்தவர்கள் சேர்வதுதான் அங்கே காதல். இப்போது பிரதிலிபி செயலியில் தொடர் படிக்கிற பெண்ணுக்கு, பிரிவு முதல் அத்தியாயத்திலேயே முடிந்துவிடுகிறது. நாயகி பெட்டியோடு சொந்த ஊருக்குத் திரும்புகிறாள், ஊர் வாயில் விழுகிறாள், இரண்டாமவனைச் சந்திக்கிறாள். கோயிலும் பட்டும் உள்ள ஊர் இதற்குத் தோதான களம். முந்தானையின் புதுநிறப் பாவைப் பழைய பாவோடு இழை இழையாகச் சேர்க்கும் பெட்னியை மறுமணத்துக்கு உவமையாக்க யாருக்கும் கை துறுதுறுக்கும்தான். நெசவாளி கேட்டால் சிரிப்பார். அவருக்கு அது கண் வலிக்கிற வேலை.

நான் படித்த வரையில் இந்தக் கதைகளில் ஒரு பயம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. முதல் கணவன் குடிகாரன், அடிப்பவன், அல்லது தாலி கட்டிய கையோடு ஓடிப்போனவன். நல்லவனாகவே இருந்தும் ஒத்துவராத ஒருவனை விட்டு வர நாயகிக்கு அனுமதி இல்லை. ஜெயகாந்தன் அரை நூற்றாண்டுக்கு முன் எடுத்த கேள்வியை இவை தொடுவதே இல்லை. இரண்டாமவன் எப்போதும் வசதியானவன் வேறு.

பிள்ளை விஷயத்தில் மட்டும் நிஜமான மாற்றம் இருக்கிறது. ரங்கம் தன் மகனைக் கணவன் வீட்டிலேயே விட்டுப் போக வேண்டியிருந்தது. 1956-ம் வருஷத்துச் சட்டமும் அப்பாவைத்தான் முதல் இயற்கைக் காப்பாளர் என்றது, அம்மா அவருக்குப் பிறகு. கோவையில் பிறந்த நாவலாசிரியர் கீதா ஹரிஹரன், தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது காப்பாளராகத் தன் கையெழுத்து செல்லாது என்று திருப்பப்பட்டு வழக்குப் போட்டார். அப்பா பொறுப்பேற்காமல் இருக்கும்போது, அவர் உயிரோடு இருந்தாலும் அம்மா காப்பாளராகலாம் என்று 1999-ல் தீர்ப்பு வந்தது. இப்போதைய தொடர்களில் நாயகி பிள்ளையோடுதான் வருகிறாள். கதாநாயகன் முதலில் அந்தப் பிள்ளையிடம்தான் நல்ல பெயர் வாங்க வேண்டியிருக்கிறது. மறுமண வரன் விளம்பரங்களில் 'குழந்தை தடையில்லை' என்ற வரி இன்று வழக்கமாகிவிட்டது. அதற்குப் பக்கத்திலேயே 'அதே பிரிவு' என்ற வரியும் தவறாமல் இருக்கிறது.