அண்ணாந்து பாருங்கள், பிறகு குனிந்தும் பாருங்கள்

தலைக்கு மேல் நெடுநெடுவென நிற்கும் சில்வர் ஓக் இந்தச் சேர்வராயன் மலையின் மரம் அல்ல. காப்பிச் செடிக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குப் பற்றுக்கோலாகவும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். பின்னாளில் காட்டின் பெரும்பகுதி தோட்டமானது. மிச்சமிருக்கும் பலா, அத்தி போன்ற பழைய மரங்கள்தான் இந்த மலையின் உண்மையான சொத்து.

அவற்றின் அடியில், மழை ஊறிய சருகுக்குக் கீழே, ஓர் அபூர்வ உயிர் இருக்கிறது: சேர்வராயன் கேடயவால் பாம்பு. கறுத்த உடலில் மஞ்சள் பட்டைகள், கூரிய மூக்கு, சீவி விட்டதுபோல் சரிவாக முடியும் வால். மண்ணைத் துளைத்து மண்புழுவைத் தின்னும், நஞ்சில்லாதது, குட்டி போடும். 1863-இல் இயற்கையியலாளர் பெட்டோம் இதை விவரித்தார். உலகில் இந்த மலையில் மட்டுமே வாழ்கிறது. அது சாலையைக் கடக்கும்போது பாம்பு என்றதும் அடித்துவிடுகிறார்கள், தயவுசெய்து வழிவிடுங்கள்.

இதே மலையிலுள்ள ஏற்காடு ஏரிக்கரையில் மீன்கொத்தியையும் சிறகு உலர்த்தும் நீர்க்காகத்தையும் காணலாம். ஏரி நிரம்பி வழியும் தண்ணீரே கிளியூர் அருவியாக விழுகிறது. மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட்களைப் பார்க்க, இங்குள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தோட்டத்துக்குச் செல்லுங்கள்.