20 கிலோ சுமை, நாள் முழுக்க நடை: மலையேற்ற வழிகாட்டிக்கு எந்த பேக்பேக் சரி?

காலையில் பேரிகை பஸ் ஸ்டாப்பில் நின்று பாருங்கள். ஓசூர் சிப்காட் போகிறவர், மாலூர் பக்கம் போகிறவர் என எல்லோர் முதுகிலும் ஒரு பை. டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், சிலருக்கு லேப்டாப். நாலைந்து கிலோவைத் தாண்டாது. ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனாலும் நம்மில் பலர் அதே பையைத்தான் மாட்டிக்கொள்கிறோம். ஒருநாள் சுற்றிவிட்டு வருகிறவருக்கு அது போதும். ஆட்களைக் காட்டுக்குள் அழைத்துப் போவதையே வேலையாகச் செய்கிறவருக்கு?

இந்தக் கேள்வி இப்போ நம்ம மாவட்டத்துக்கே வந்துவிட்டது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளுடன் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் குத்திராயன் மலையும் அய்யூர் - சாமி ஏரி பாதையும் உண்டு. காட்டை ஒட்டிய ஊர்களைச் சேர்ந்தவர்களே வழிகாட்டிகள். வீக்எண்டில் இந்த வேலைக்கு வர நினைக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள்.

சுமை எவ்வளவு வரும்?

கணக்குப் போடுவோம். குழுவுக்குக் கூடுதல் தண்ணீர் 5 லிட்டர் என்றால், அதுவே 5 கிலோ. தன் தண்ணீர், முதலுதவிப் பெட்டி, கயிறு, டார்ச், பவர் பேங்க், மழைக்கோட்டு, சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் 12 கிலோ சுலபமாக வந்துவிடும். வழியில் ஒருவருக்குக் கால் பிசகினால், அவருடைய 5 கிலோ பையும் வழிகாட்டியின் முதுகுக்குத்தான் வரும். ஆகவே 12 கிலோவை மனதில் வைத்துப் பை வாங்கக் கூடாது. 20 கிலோவைத் தாங்குமா என்று பார்க்கணும். ஒருநாள் நடைக்கு 50 லிட்டர் பை போதும். கூடாரத்தோடு இரவு தங்குவதென்றால் 65 முதல் 70 லிட்டர்.

2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்திருக்க மாட்டோம். மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தது அதற்குப் பிறகுதான். காட்டுக்குள் வழிகாட்டியின் பைப்பட்டை அறுந்தால், குழுவின் மருந்தும் தண்ணீரும் சேர்ந்தே சிக்கலுக்கு உள்ளாகும்.

முதலில் இடுப்புப் பட்டை

கனமான பையைத் தோள் மட்டும் சுமக்கக் கூடாது. எடையின் பெரும்பங்கு இடுப்பெலும்பில் இறங்கணும். அதற்கு அகலமான, பஞ்சு வைத்த இடுப்புப் பட்டையும், முதுகுப்பக்கம் அலுமினியக் கம்பியோ உறுதியான பலகையோ இருக்க வேண்டும். இவை இல்லாவிட்டால் 70 லிட்டர் பையும் வெறும் மூட்டைதான்.

உங்கள் உயரத்தைவிட முதுகின் நீளமே முக்கியம். தலையைக் குனிந்தால் பிடரிக்குக் கீழே துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, அந்த அளவுக்குப் பொருந்தும் பையைக் கேளுங்கள்.

துணி, தையல், ஜிப்

'டெனியர்' என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். எண் கூடினால் நூல் தடிமன். பையின் அடிப்பாகமாவது 500 டெனியர் நைலானாக இருப்பது நல்லது, ஏனென்றால் பாறையில் உரசுவது அதுதான். நம்ம பக்கம் முள் காடு அதிகம். பக்கவாட்டில் வலைப் பாக்கெட் இருந்தால் முள்ளில் சிக்கிக் கிழியும். கெட்டித்துணிப் பாக்கெட்டே சரி.

பை கிழிவது பெரும்பாலும் துணியில் தொடங்காது. பட்டை சேரும் மூட்டில்தான் தொடங்கும். அங்கே நெருக்கமாக, முன்னும் பின்னும் பலமுறை தைத்திருக்கிறதா என்று உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஜிப்பின் பின்புறம் 8 அல்லது 10 என்று போட்டிருந்தால் பெரிய பல், வலுவானது.

யானை நடமாடும் காட்டுக்குப் போகிறவர் இன்னொன்றும் பார்க்கணும். இடுப்பிலும் மார்பிலும் உள்ள பக்கிள்களை ஒரே கையால் அவிழ்க்க முடிய வேண்டும். தேவைப்பட்டால் பையைப் போட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும்.

நம்ம ஊரில் தைக்க முடியுமா?

எந்தப் பையும் ஒருநாள் கிழியும். அதனால் பக்கிள் தனியாகக் கிடைக்குமா, பட்டையைப் பிரித்து மாற்ற முடியுமா என்று கேட்டு வாங்குங்கள். வண்டி சீட் கவர், தார்ப்பாய் தைக்கிற கடைகளில் கெட்டித்துணி தைக்கும் மெஷின் இருக்கும். பைப்பட்டையை அங்கேயே தைத்துக்கொள்ளலாம். உதாரணத்துக்கு, 3,000 ரூபாய் பை வருடத்துக்கு ஒன்று என்றால் 5 வருடத்தில் 15,000. பழுது பார்த்து 5 வருடம் ஓடும் 10,000 ரூபாய் பை அதைவிட மலிவு.

திருப்பிக் கொடுக்கும் வசதி இருக்கிற கடையில் வாங்குங்கள். பில்லையும் டேக்கையும் பத்திரமாக வையுங்கள். வீட்டில் 10 கிலோ அரிசிப் பையும் 5 லிட்டர் தண்ணீரும் உள்ளே வைத்து, அரை மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்குங்கள். தோளில் எரிச்சல் வந்தால் அந்தப் பை உங்களுக்கானது இல்லை.

கடைசியாக, மலைக்குப் போகிற நமக்கு. கிளிமஞ்சாரோவில் சுமைதூக்கிகளுக்கு 20 கிலோ என வரம்பே வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நல்ல பையும் கிலோவைக் குறைக்காது, பிரித்துத்தான் கொடுக்கும். உங்கள் பையில் தேவையில்லாத இரண்டு கிலோவை வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டுப் போங்கள். நீங்கள் களைத்துப்போனால் அதைச் சுமக்கப்போவது முன்னால் நடக்கும் அந்த அண்ணன்தான்.