பிறர் இணைத்த துணிக்கு இறுதித் தையல்: லாங்ஆர்ம் தொழிலும் அதன் பயிற்சியும்

அமெரிக்க இல்லங்களில் தலைமுறைகளாகத் தைக்கப்பட்டுவரும் குயில்ட் என்னும் போர்வை மூன்று அடுக்குகளால் ஆனது: துணித்துண்டுகளை வெட்டி இணைத்த மேற்பரப்பு, நடுவே பேட்டிங் எனப்படும் மெல்லிய பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத்துணி. இம்மூன்றையும் ஊடுருவிச் சென்று ஒன்றாகப் பிணைக்கும் தையலே போர்வைக்கு உறுதியையும் மேடுபள்ளமான அழகையும் தருகிறது. துண்டுகளை இணைக்கும் வேலையை வீட்டுத் தையல் பொறியிலேயே முடித்துவிடலாம். ஆனால் கட்டிலளவுக்கு வளர்ந்துவிட்ட மூவடுக்குத் துணியைச் சுருட்டி, ஊசிக்கும் பொறியின் தூணுக்கும் இடையே உள்ள ஏழெட்டு அங்குல இடைவெளியில் நுழைத்துத் தள்ளித் தள்ளித் தைப்பது தோளை ஒடிக்கும் வேலை. அதனால் மேற்பரப்பை மட்டும் முடித்து அலமாரியில் மடித்து வைத்திருப்போர் ஏராளம். முடிவுறாத அத்துணிகளை நம்பித்தான் லாங்ஆர்ம் தையல் ஒரு தனிச் சிறுதொழிலாக நிற்கிறது.

லாங்ஆர்ம் பொறியில் அந்த இடைவெளி ஏறத்தாழ 18 முதல் 30 அங்குலம் வரை இருக்கும். வீட்டுப் பொறியில் பொறி அசையாமல் நிற்க, துணி நகர்கிறது. இங்கோ 10 அல்லது 12 அடி நீளச் சட்டத்தின் உருளைகளில் துணி இழுத்துக் கட்டப்பட்டிருக்க, பொறி தண்டவாளத்தின்மீது முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓடுகிறது. இயக்குபவர் கைப்பிடிகளைப் பிடித்து, தாளில் பேனாவை ஓட்டுவதுபோல் ஊசியை ஓட்டுகிறார். பொறியின் வேகத்தை உணர்விகள் அளந்து, கை விரைந்தாலும் தயங்கினாலும் அங்குலத்திற்கு 10 அல்லது 11 தையல் என்ற அளவு மாறாமல் காக்கும் சீராக்கி பின்னாளில் வந்து சேர்ந்தது. புதிதாகக் கற்பவரின் பாதிச் சுமையை இறக்கிவைத்தது அதுவே.

கைத்தையல்தான் உண்மையான குயில்ட் என்ற எண்ணம் நெடுநாள் வலுவாக இருந்தது. கென்டக்கி மாநிலத்தின் படூக்கா நகரில் அமெரிக்கக் குயில்ட்டர் சங்கம் நடத்தும் கண்காட்சியில் 1989ஆம் ஆண்டு கேரல் பிரையர் ஃபாலர்ட்டின் பொறித்தையல் படைப்பொன்று முதற்பரிசு பெற்றபோது எழுந்த முணுமுணுப்பு எளிதில் அடங்கவில்லையாயினும், பொறியில் தைப்பதும் கலையே என்று வாதிட விரும்பியவர்களுக்கு அது உறுதியான சான்றாயிற்று. இத்தொழிலின் வணிக முகத்தைக் காண மிசௌரி மாநிலத்தின் ஹாமில்டன் என்னும் சிற்றூர் ஏற்ற இடம். ஜென்னி டோன் என்பவர் தாம் இணைத்த துணியை இறுதித் தையலுக்குக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்ததைக் கண்ட அவருடைய மக்கள், இத்துணை வரிசை நிற்கும் வேலையில் வருவாய் இருக்க வேண்டும் என்று கணித்து, 2008ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவுக்கு நடுவே அவருக்கு ஒரு லாங்ஆர்ம் பொறியை வாங்கிக் கொடுத்தனர். மிசௌரி ஸ்டார் குயில்ட் நிறுவனம் இவ்வாறு தொடங்கியது. எனினும் அந்நிறுவனத்தைப் பெரிதாக்கியது தையற்கூலியன்று. யூடியூபில் ஜென்னி இலவசமாக நடத்திய பாடங்களும், அவற்றைப் பார்த்தவர்கள் வாங்கிய துணியுமே.

கூலிக்கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். போர்வை முழுவதும் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பத் தைக்கும் எளிய வேலைக்குச் சதுர அங்குலத்திற்குச் சில சென்ட் என்று பரப்பளவைக் கொண்டே கூலி பேசுவது வழக்கம். 60க்கு 80 அங்குலப் போர்வை 4,800 சதுர அங்குலம். இரண்டு சென்ட் வீதம் 96 டாலர். துணியை உருளைகளில் ஏற்றுவது, பிசிறு நூல் வெட்டுவது, நூலின் நிறத்தைத் தேர்வதற்காக வாடிக்கையாளரோடு பேசுவது ஆகியவற்றையும் சேர்த்து ஐந்து மணி நேரம் சென்றால், நூலுக்கும் மின்சாரத்திற்கும் கழிப்பதற்கு முன்பே மணிக்கு 19 டாலர்தான் தேறும். பொறியின் விலை 20,000 டாலர் எனக் கொண்டால், 208 போர்வைகளின் முழுக்கூலியும் அதற்கே போய்விடும். பரப்பளவால் அளப்பது வாடிக்கையாளருக்கு எளிதில் புரியும் முறைதான்; ஆனால் தைப்பவர் உண்மையில் விற்பது தம் நேரத்தை என்பதை அது மறைத்துவிடுகிறது. ஒவ்வொரு கட்டத்திற்கும் தனி வடிவம் வரைந்து தைக்கும் நுணுக்க வேலைக்குச் சில மடங்கு கூலி கேட்பதற்குத் தொடக்கநிலையினர் கூசுவதும் இந்தக் கணக்கைப் போடாததால்தான்.

பயிற்சியின் முதற்பாடம் பெரும்பாலும் பொறியில் தொடங்குவதில்லை. சிக்குக் கோலம் போடுபவர் இழை அறாமல் புள்ளிகளைச் சுற்றி வருவதுபோல, நூலை அறுக்காமல் ஒரு மூலையில் தொடங்கி மறுமூலைவரை செல்லும் தொடர்கோட்டைக் கை பழக வேண்டும் என்பதால், மாணவர்கள் தாளிலும் வெண்பலகையிலும் பக்கம் பக்கமாக வரைகிறார்கள். அடுத்து, பேண்டோகிராஃப் என்னும் காகித மாதிரியைச் சட்டத்தின் பின்புற மேசையில் விரித்து, பொறியிலிருந்து விழும் ஒளிப்புள்ளியை அதன் கோட்டின்மேல் நடத்திச் செல்லும் பழக்கம் வருகிறது. இவ்விரண்டையும் விட நெடுநாள் பிடிப்பது நூலின் டென்ஷன். மேல்நூல் தளர்ந்திருந்தால் வளைவுகளில் அது அடிப்பக்கம் இழுபட்டு, கண்ணிமை முடிபோல் சிறு வளையங்களாக வெளித்தெரியும். போர்வையின் முதுகைக் குனிந்து பார்க்காத மாணவருக்கு முழுவதும் தைத்து முடித்த பிறகே இது தெரியவரும். தையலைப் பிரிப்பதற்குத் தைத்ததைவிடப் பன்மடங்கு நேரம் ஆகும்.

நல்ல ஆசிரியர் அழுத்திச் சொல்வது வேறொன்றும் உண்டு. சுற்றுக்கரைத் துணியை அளக்காமல் நீளமாக வைத்துத் தைத்துவிட்டால், கரை அலையலையாக நெளியும். “தைக்கும்போது அமுங்கிவிடும்” என்று வாடிக்கையாளர் நம்பிக்கையோடு சொல்வார். மிகை சிறிதாயின் பஞ்சு அதை விழுங்கும். பெரிதாயின் மடிப்பு விழுவது உறுதி. துணியை வாங்கும் நாளிலேயே விரித்து அளந்து குறையைக் காட்டி, அடித்துணி நான்கு பக்கமும் சுமார் நான்கு அங்குலம் மிகையாக இருக்கிறதா என்றும் பார்த்து, அனைத்தையும் படிவத்தில் எழுதிக் கையொப்பம் பெறுவது தையலைப் போலவே கற்க வேண்டிய திறமை. ஒருவர் ஓராண்டு உழைத்து இணைத்த துணி இன்னொருவர் கையில் இருக்கும்போது, மனக்கசப்பிற்கு இடமளிக்காமல் இருக்க வேறு வழியில்லை.

கணினி இயக்கும் பொறிகள் வந்தபின் எளிய வடிவங்களுக்குப் பொறியைக் கையால் நடத்தித் தைப்பதற்கான தேவை குறைந்துவருகிறது. அவற்றை வைத்திருப்போர் பொறியை ஓடவிட்டு அடுத்த துணியை ஆயத்தம் செய்கின்றனர். பொறியைக் கையால் நடத்தித் தைப்போரில் பலர் கற்பித்தலைத் துணைத்தொழிலாக ஏற்றிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அரைநாள் வகுப்பில் பொறியை இயக்கப் பழக்கிவிட்டு, அவ்வகுப்பை முடித்தவருக்கு மட்டும் மணிவாடகைக்குப் பொறியை விடுவது கடைகளில் பரவலாகக் காணப்படும் முறை. கற்றவர் தாமே தைத்துக்கொள்வதால் கூலிவேலை சிறிது குறையும் என்றாலும், பொறி சும்மா நிற்கும் மணிகளுக்கு வருவாய் கிடைக்கிறது; வடிவங்களைத் தாமே முயன்று பார்த்தவர்கள் நுணுக்க வேலைக்குரிய கூலியைப் பற்றிப் பேரம் பேசுவதும் அரிது. வாடகைக்கு வந்தவர் தையலுக்கு வழிகாட்டியாகப் பிடிக்கும் அளவுகோலில் ஊசியை மோதி முறித்து, ஊசியும் கொக்கியும் சந்திக்கும் டைமிங்கைக் கலைத்துவிட்டால் பழுதுச்செலவு யாருடையது என்பதை மட்டும் முதல் நாளிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.