கிளைவிடும் மூலக்கூறுகள்

லிந்துலை மலைகளிலே கவ்வாத்துச் செய்யப்பட்ட தேயிலைத் தூர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். வெட்டுண்ட கிளையிலிருந்து புதுக்கிளைகள் பல எழுகின்றன. ஆயினும் ஒரு தூரைப்போல் மற்றொரு தூர் இருப்பதில்லை. ஒவ்வொரு நுனியும் தவறாது இரண்டாகப் பிரிந்து, எல்லா மரங்களும் ஓரச்சில் வார்த்தவைபோல் அமையுமாயின் எவ்வாறிருக்கும்? அத்தகைய மரங்களை மூலக்கூற்றளவில் இரசாயனவியலார் ஆக்கியுள்ளனர். மரம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று அவற்றுக்கு டென்ட்ரிமர் என்னும் பெயர் வந்தது.

நைலோன் போன்ற பல்பகுதியங்களில் சங்கிலிகளின் நீளம் ஒன்றுபோல் இராது. அவற்றின் மூலக்கூற்று நிறையைச் சராசரியாகவே கூறலாம். தேநீருக்குச் செந்நிறமளிக்கும் தியாருபிஜினும் பல்வேறு மூலக்கூறுகளின் கலவையே. டென்ட்ரிமரோ ஒரே அமைப்பை நாடுவது.

1978இல் ஜெர்மனியின் பொன் நகரில் ஃபொக்ட்லே குழுவினர் இவ்வழிக்கு அடிகோலினர். 1985இல் அமெரிக்காவில் டொனால்ட் டொமாலியா குழுவினர் பெரிய மரங்களை வளர்த்துக் காட்டினர். அவர்தம் முறை இரண்டு படிகளைக் கொண்டது. எதிலீன் டையமீனே மையம். அதன் இரு நைதரசன் அணுக்களில் நான்கு ஐதரசன் அணுக்கள் உள. முதற்படியில் அந்நான்கு இடங்களிலும் மெதைல் அக்கிரிலேற்று சேர்கிறது. இரண்டாம் படியில் ஒவ்வொரு நுனியிலும் எதிலீன் டையமீன் இணைகிறது. இவ்வாறு பெற்ற அமீன் நுனி ஒவ்வொன்றும் அடுத்த சுற்றில் இரண்டு கிளைகளைத் தாங்கும். எனவே நுனிகள் 4, 8, 16, 32, 64 எனப் பெருகுகின்றன. 64 நுனிகளையுடைய நான்காந் தலைமுறையின் விட்டம் ஏறத்தாழ 4.5 நனோமீற்றர்.

இடர் இங்கேதான் உளது. டையமீன் குறைந்தால் அதன் இரு முனைகளும் இரு கிளைகளைப் பிணைத்துவிடும். ஆகவே மிகுதியாகச் சேர்த்தல் வேண்டும். எஞ்சியதை முற்றாக நீக்காவிடின், அதுவே அடுத்த சுற்றில் புதிய சிறுமரத்துக்கு மையமாகும். நான்காந் தலைமுறையை அடைய ஒரு மூலக்கூற்றில் 248 இணைப்புக்கள் நிகழவேண்டும். ஒவ்வொன்றும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வெற்றியெனக் கொண்டாலும், குறையற்ற மூலக்கூறுகள் நூற்றுக்கு எட்டே தேறும்! ஒரு நுனி தவறினால், அதன்மேல் எழவேண்டிய கிளைகள் யாவும் இல்லையாகும்.

இதற்கு மாற்றாக 1990இல் ஹோக்கரும் ஃபிரெஷேயும் நுனியிலிருந்து மையத்தை நோக்கிக் கட்டும் முறையை வெளியிட்டனர். கிளைகளை முன்னரே ஆக்கி, இறுதியில் மையத்தோடு பொருத்துவர். படிதோறும் இணைப்புக்கள் மிகச் சிலவாதலால் பழுதுற்றதைப் பிரித்தெடுத்தல் எளிது.

மருந்தைச் சுமக்கும் பொருளுக்கு இச்சீர்மை இன்றியமையாதது. கலவையாயின் உடலில் அதன் செயலை உறுதியாகக் கூறவியலாது. சீர்மை மட்டும் போதாது. அமீன் நுனிகள் மிகுந்த டென்ட்ரிமர்கள் உயிரணுக்களைத் தாக்கக்கூடும். பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் பேராசிரியர் என். ஜெயராமனின் குழு ஈதர்-இமீன் வகை டென்ட்ரிமர்களை ஆக்கி, அவற்றின் நச்சுத்தன்மையையும் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டது.

ஆய்வுகூடத்தில் ஒரு வடிகட்டலைச் சலிப்போடு செய்யும் மாணவர் இதனை எண்ணுவாராக. முதற்படியில் விட்ட பிழை, கடைசிக் கிளைவரை தொடரும்.