ஆனைகட்டியின் பறவை நாட்கள்: மாணவர் நிகழ்ச்சிகளும் அவை தரவேண்டிய பதிவுகளும்

கோயம்புத்தூர் நகரிலிருந்து வடமேற்கே, முப்பது கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில், மலையடிவாரத்தில் அமைந்திருக்கிறது ஆனைகட்டி. ஊரைக் கடந்ததும் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அட்டப்பாடி தொடங்குகிறது. தமிழும் மலையாளமும் இருளர் மொழியும் ஒரே கடைத்தெருவில் பேசப்படும் இவ்வெல்லைப் பகுதியில், 1990-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கத்தின் ஆதரவில் சாலிம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் நிறுவப்பெற்றது. 2023-ஆம் ஆண்டில் இது டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு ஆராய்ச்சி நிறுவனத்துடன் இணைக்கப்பட்டு, அந்நிறுவனத்தின் தென்னிந்திய மையமாயிற்று. இங்கு பயின்ற ஆராய்ச்சி மாணவர் பலர் பாரதியார் பல்கலைக்கழகத்தின் வழியே முனைவர் பட்டம் பெற்றிருக்கின்றனர். பள்ளி மாணவர்க்கென இயற்கை பற்றிய போட்டிகளையும் இம்மையம் நடத்தி வந்துள்ளது.

இத்தகைய நிலையங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆண்டுதோறும் சொற்பொழிவுகள், ஓவியப் போட்டிகள், வினா-விடை அரங்குகள் முதலியன நடைபெறுகின்றன. பரிசு வழங்கி, நன்றியுரை கூறியதும் நிகழ்ச்சி முடிந்துவிட்டதாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆனால் பறவைகளைப் பற்றிய நிகழ்ச்சிக்கு வேறொரு பயனும் உண்டு. அன்று மாணவர் கண்டவற்றை முறையாகக் குறித்து வைப்பின், அக்குறிப்பு பல்லாண்டுகளுக்குப் பின்னும் விஞ்ஞானத்திற்கு உதவும். அவ்வாறு செய்யத்தக்க நாட்கள் எவை, செய்யும் முறை யாது என்பவற்றை ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் அறிந்திருத்தல் நலம்.

கல்வியாண்டில் வரும் நாட்கள்

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், 5-ஆம் தேதி உலகச் சுற்றுச்சூழல் நாள் வருகிறது. அக்டோபர் 2 முதல் 8 வரை வனவிலங்கு வாரம். அக்டோபரின் இரண்டாவது சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் நாளாகும். வடக்கிலிருந்து வாலாட்டிகள் நம் நீரோடைகளுக்கு வந்து சேரும் காலம் இதுவே. காலையும் மாலையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி எனப் பெயர் பெற்ற பறவையும், இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்த பின்னர், இக்காலத்தில்தான் தெற்கே வருகிறது.

நவம்பர் 12 சாலிம் அலி பிறந்த நாள். ஜனவரியில், பொங்கலையொட்டி நான்கு நாட்கள், தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. பிப்ரவரி நடுவில் உலகளாவிய நான்கு நாள் கணக்கெடுப்பு நிகழ்கிறது. அதே நாட்களில் கல்லூரி, பல்கலைக்கழக வளாகங்களுக்கென வளாகப் பறவைக் கணக்கெடுப்பும் உண்டு. பிப்ரவரி 28, 1928-இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டதை நினைவுகூரும் தேசிய அறிவியல் நாள். மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி நாள்.

விடை தர ஒருவர்

சாலிம் அலி 1896-இல் பம்பாயில் பிறந்தவர். சிறுவராயிருந்தபொழுது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. அஃது என்ன குருவி என்று வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. அவருடைய மாமா ஒரு கடிதம் கொடுத்து அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பினார். கழகத்தின் செயலாளர் மில்லார்டு அச்சிறுவரை அன்புடன் வரவேற்று, குருவியின் பெயரைக் கூறி, பாடம் செய்து வைக்கப்பட்ட பறவைகளையும் காட்டினார். பின்னாளில் இந்தியப் பறவையியலின் முதல்வராக விளங்கிய ஒருவரின் கல்வி அங்கே தொடங்கியது.

சொற்பொழிவு ஏற்பாடு செய்வோர் இந்நிகழ்ச்சியைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். பேச்சாளர் ஒரு மணி நேரம் பேசி உடனே விடைபெறுவதினும், அரைமணி பேசி, எஞ்சிய அரைமணியில் மாணவர் கொண்டுவந்த இறகையும் கூட்டின் படத்தையும் பார்த்து விடை கூறுவது மிகுந்த பயன் தரும். வினாக்களை முன்கூட்டியே எழுதி வரச்செய்தல் ஆசிரியர் கடமை.

கலையும் இவ்வகையில் துணை புரியும் என்பதற்கு அட்டப்பாடியை அடுத்த அமைதிப் பள்ளத்தாக்கே சான்று. அங்கு அணை கட்டும் திட்டம் எழுந்தபொழுது, 1962-இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தைச் சேர்ந்த ஆசிரியர்கள் ஊர்தோறும் சென்று பேசினர். பாட்டும் நாடகமும் கொண்டு விஞ்ஞானத்தை விளக்கும் கலைப் பயணங்களையும் பரிஷத் 1980 முதல் நடத்தியது. அங்குள்ள சிங்கவால் குரங்கு முதலிய உயிர்களைப் பற்றிய குறிப்புகள் கைவசம் இருந்தமையால் ஆசிரியர்களின் பேச்சுக்கு வலிமை இருந்தது. 1984-இல் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

சுடுவதிலிருந்து எண்ணுவதற்கு

பறவைகளை எண்ணுவது விளையாட்டுப் போட்டியிலிருந்தே பிறந்தது எனலாம். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளன்று இரு அணிகளாகப் பிரிந்து, மிகுதியாக வேட்டையாடுவோரே வென்றவர் என்னும் வழக்கம் இருந்தது. 1900-ஆம் ஆண்டில் பிராங்க் சாப்மன் என்பவர், சுடுவதற்குப் பதிலாக எண்ணுவோம் என்றார். அவ்வாண்டு 27 பேர் கலந்துகொண்டனர். போட்டியின் ஊக்கம் குறையவில்லை, பறவைகளும் பிழைத்தன. வளாகக் கணக்கெடுப்பிலும் இவ்வூக்கத்தைப் பயன்படுத்தலாம். எந்த விடுதி மாணவர் மிகுதியான பட்டியல்களை அளித்தனர், எவர் மிகுதியான இனங்களைக் கண்டனர் என்று போட்டி வைக்கலாம். ஐயமான பறவைக்கு மதிப்பெண் இல்லை என்னும் விதியை மட்டும் தளர்த்தலாகாது.

எண்ணும் முறை

முறை எளிது. ஓரிடத்தைத் தேர்ந்து குறைந்தது 15 நிமிடங்கள் பார்க்கவேண்டும். இடம், தேதி, தொடங்கிய நேரம், பார்த்த கால அளவு, நடந்த தூரம் ஆகியவற்றை முதலில் எழுதவேண்டும். பின்னர், கண்ணால் கண்டவையும் குரலால் அறிந்தவையுமான எல்லாப் பறவைகளின் பெயரையும், ஒவ்வொன்றிலும் எத்தனை என்பதையும் குறிக்கவேண்டும். காகம், மைனா எளியவை என்று விட்டுவிடுதல் கூடாது.

எல்லாவற்றையும் எழுதுவது ஏன்? பட்டியலில் ஒரு பறவையின் பெயர் இல்லையெனில், அன்று அது தென்படவில்லை என்னும் செய்தியும் அதனால் கிடைக்கிறது. ஓர் ஊரில் இவ்வாண்டு எழுதப்பட்ட பத்துப் பட்டியல்களில் ஆறில் சிட்டுக்குருவி இருக்கிறது என்று கொள்வோம். பத்தாண்டுகளுக்குப் பின் அதே ஊரில், அதே மாதத்தில், அதே முறையில் எழுதிய பத்தில் மூன்றில் மட்டும் இருப்பின், அது குறைந்து வருகிறது என்று ஐயுற இடமுண்டு. அரிய பறவைகளை மட்டும் எழுதிய பட்டியல்களைக் கொண்டு இக்கணக்கைச் செய்ய இயலாது. முடித்த பட்டியலை ஈபேர்டு என்னும் இணையத் தளத்தில் சேர்த்தால், நாடு முழுதும் உள்ள பதிவுகளுடன் அதுவும் சேரும்.

பதிவின் பயன்

இவ்வாறு 30,000-க்கும் மேற்பட்டோர் அளித்த மூன்று கோடிக்கும் மேலான பதிவுகளைக் கொண்டே, 2023-இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை வெளியிடப்பட்டது. அவ்வறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அவற்றுள் நீண்டகாலப் போக்கை உறுதிசெய்ய இயன்றது 338 இனங்களுக்கு மட்டுமே. அந்த 338-இல் 204 குறைந்துள்ளன, 98 மாற்றமின்றி இருக்கின்றன, 36 பெருகியுள்ளன. மயில் பெருகியவற்றுள் ஒன்று. எஞ்சிய 604 இனங்கள் பெருகினவா, அருகினவா என்று கூற இயலவில்லை. உரிய காலத்தில் போதிய அளவு எழுதிவைப்பார் இல்லாமற்போனதே இதற்குப் பெருங்காரணம். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் நம் ஊர்க் குளத்தில் இருந்தவற்றை இன்று எவரும் எண்ண இயலாது, இன்றுள்ளவற்றை எண்ணலாம்.

பழைய குறிப்பின் அருமையைச் சாலிம் அலியின் பணியே காட்டுகிறது. 1933-இல் அவர் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைகளை ஆராய்ந்தார். இன்று இடுக்கி மாவட்டத்திலுள்ள மறையூரும் அவர் சென்ற இடங்களுள் ஒன்று. ஏறத்தாழ 75 ஆண்டுகளுக்குப் பின்னர் கேரளப் பறவையியலாளர்கள் அவர் சென்ற இடங்களுக்கே மீண்டும் சென்று ஒப்புநோக்கினர். அவர் இடமும் நாளும் குறித்து வைத்திராவிடின் அவ்வொப்பீடு கைகூடியிராது.

களப்பணியாளர் கவனத்திற்கு

ஆனைகட்டிப் பகுதியில் காட்டு யானைகளின் நடமாட்டம் உண்டு. ஆதலின் மாணவரை வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டோரம் அழைத்துச் செல்லலாகாது. நன்கு விடிந்த பின்னரே புறப்பட்டு, சிறு குழுக்களாக, வழி அறிந்த ஒருவருடன் செல்வது முறை. மையத்திற்கு வர விரும்பும் பள்ளிகள் முன்னதாகவே எழுதி இசைவு பெறவேண்டும். வர இயலாத பள்ளிகள் வருந்தவேண்டியதில்லை. பள்ளி வேப்பமரமும் ஊர்க் கண்மாயும் கணக்கெடுப்புக்குப் போதுமானவை.

இருளர் குடியிருப்புகளிலிருந்து வரும் மாணவர்கள் பறவைகளுக்குத் தம் மொழியில் வழங்கும் பெயர்களைக் கூறினால், அவற்றையும் பட்டியலின் ஓரத்தில் எழுதிவைத்தல் வேண்டும். வனக்காப்பாளரும் வேளாண் விரிவாக்கப் பணியாளரும் நாள்தோறும் ஒரே வழியில் செல்பவர்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே இடத்தில், 15 நிமிடம் நின்று எழுதினால் ஆண்டுக்கு 52 பட்டியல்கள் சேரும்.

ஒவ்வொரு பள்ளியும் இதற்கென ஒரு குறிப்பேட்டைத் தனியே வைத்து, பொங்கல் விடுமுறைக்கு முன் முதற்பக்கத்தில் இடத்தின் பெயரை எழுதித் தொடங்கலாம். ஆசிரியர் மாறுதலாகிச் செல்லும்பொழுது வருகைப் பதிவேட்டுடன் இதனையும் அடுத்தவரிடம் ஒப்படைக்கவேண்டும்.