பழைய வானொலிப் பெட்டியைப் பேச வைத்தல்

பழம்பொருள் சேர்ப்போர் இரு வகையினர். பொருளைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்த்து மகிழ்வோர் ஒரு சாரார். எத்தொழிலுக்காக அது செய்யப்பட்டதோ அத்தொழிலை அதனைக் கொண்டு மீண்டும் செய்விப்போர் மற்றொரு சாரார். நாணயமும் தபால்தலையும் சேர்ப்போருக்கு முதல் வழியே போதும். வானொலிக்கு அது போதாது. பேசாத வானொலி வெறும் பெட்டியேயன்றி வேறன்று.

கையில் தூக்கிச் செல்லும் பழைய சிற்றலை வானொலிகளுள் சேகரிப்போர் பெரிதும் விரும்பித் தேடுவது, அமெரிக்காவின் சிக்காகோ நகரில் இயங்கிய செனித் நிறுவனத்தார் செய்த ‘ட்ரான்ஸ்-ஓஷியானிக்’ ஆகும். அந்நிறுவனத் தலைவர் யூஜின் மக்டொனால்ட் கடற்பயணத்தில் பெருவிருப்புடையவர். கரையை விட்டு நெடுந்தூரம் சென்றபோதும் உலகச் செய்திகளைத் தரவல்ல பெட்டியொன்றை அவர் வேண்டினார். 1941 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் 75 டொலர் விலையில் அது வெளிவந்தது. அதன் முகப்புத் துணியில் பாய்க்கப்பல் உருவம் இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டு அமெரிக்கா போரில் இறங்கவே, கப்பல் மறைந்து குண்டுவீச்சு விமானம் அவ்விடத்தைப் பிடித்தது. 1942 ஏப்ரலில் உற்பத்தி நின்றபோது ஏறக்குறைய 35,000 பெட்டிகளே செய்யப்பட்டிருந்தன. போரின் பின் 1946 இல் உற்பத்தி மீண்டும் தொடங்கிற்று. 1957 இல் வால்வுகளுக்குப் பதிலாகத் திரான்சிஸ்டர்கள் அமைந்த வகையும் வந்தது.

இரும்பாலான ரயில் பெட்டிக்குள் வானொலி அலை எளிதிற் புகுவதில்லை. ஆதலின் மத்திய அலைக்குரிய ஏரியலைக் கழற்றி, உறிஞ்சு கிண்ணங்களால் யன்னற் கண்ணாடியில் ஒட்டிவைக்கும்படி இதனை அமைத்தனர். சிற்றலைக்கு நீட்டி மடக்கும் கோல் ஏரியல் உண்டு. சிற்றலையில் நிலையங்கள் மிக நெருங்கி நிற்பதால், 16, 19, 25, 31 மீற்றர்ப் பட்டைகள் ஒவ்வொன்றையும் டயலின் முழு நீளத்துக்கும் விரித்து வைத்தனர். முள்ளைச் சிறிது அசைத்தால் நிலையம் தவறிவிடும் தொல்லை இதனால் குறைந்தது.

பட்டையைத் தெரிந்தெடுத்தல் கேட்பவரின் கலை. வானின் உயரத்தே உள்ள அயன மண்டலம் சிற்றலைகளை வளைத்து மீண்டும் பூமிக்கு அனுப்புகின்றது. அதன் இயல்பு ஞாயிற்றின் ஒளியால் மாறுவதால், பகலில் 16, 19 மீற்றர்களும் இரவில் 31 மீற்றரும் பொதுவாக நன்கு கேட்கும். மாணவர் ஒருவர் நிலையம், நேரம், பட்டை ஆகியவற்றை ஒரு மாதம் கொப்பியில் குறித்து வருவாராயின், பௌதிகப் பாடத்தின் ஓர் அத்தியாயத்தைத் தம் காதாலேயே கற்றவராவார்.

இத்தகைய பெட்டி கைக்கு வந்தவுடன் மின்சாரத்தில் இணைத்துவிடலாகாது. அமெரிக்க வீடுகளின் 117 வோல்ற்று மின்சாரத்துக்கு அமைந்தது அது. நம் நாட்டு மின்சாரமோ 230 வோல்ற்று. வால்வுகளின் இழைகள் ஒரே தொடராக இணைந்திருத்தலின் ஒன்று எரிந்தால் யாவும் அணையும். 1950களின் வால்வுப் பெட்டிகளில் உள்ள ‘1எல்6’ என்னும் வால்வு இன்று கிடைத்தற்கரியது. மெழுகு தோய்ந்த பழைய கடதாசிக் கண்டென்சர்களோ காலத்தால் கசிவுறும். அவற்றை முதலில் மாற்றுதல் வேண்டும். வெளிமின்சாரத்தைப் பிரித்து நிறுத்தும் மின்மாற்றி வால்வுப் பெட்டியினுள் இல்லாமையால், இணைப்பில் இருக்கும்போது பின்மூடியைத் திறந்து கை வைப்பது உயிருக்கே ஆபத்து. அனுபவமுள்ள வானொலித் திருத்துநரின் துணையின்றி மாணவர் இதில் இறங்கலாகாது.

பற்றரியால் இயக்குவது இதனினும் நன்று. 90 வோல்ற்றும் 9 வோல்ற்றும் சேர்ந்து தந்த பழைய பற்றரி இப்போது கடைகளில் இல்லை. ஆயினும் 9 வோல்ற்றுச் சிறு பற்றரிகள் பத்தைத் தொடராக இணைத்தால் 90 வோல்ற்றும், ஒன்றரை வோல்ற்று டோர்ச் பற்றரிகள் ஆறினால் 9 வோல்ற்றும் கிடைக்கும். கைத்தொலைபேசி மின்னேற்றிகளும் புதுவகை விளக்குகளும் எழுப்பும் இரைச்சலினின்று விலகி, முற்றத்து மரநிழலிற் பெட்டியை வைத்துக் கேட்கவும் இது வழி செய்யும்.

இவ்வேலையை நாளை, மறுநாள் என ஒத்திப்போடுதல் தகாது. சிற்றலை நிலையங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து வருகின்றன. திருகோணமலையிலிருந்து ஜெர்மன் வானொலி நடத்திய அஞ்சல் ஒலிபரப்பு 2013 இல் முடிந்தது. இப்பெட்டி பிறந்த அதே 1941 இல் தொடங்கிய பி.பி.ஸி. தமிழோசை வானொலி 2017 ஏப்ரலில் நின்றது. எரிந்த வால்வுக்கு மாற்று வால்வைத் தேடிப் பெறலாம். உடைந்த பிடியைத் தச்சரிடம் கொடுத்துச் செய்விக்கலாம். ஓய்ந்துபோன குரலை எவ்விலை கொடுத்தும் வாங்குதல் இயலாது. ஒலிக்கும் நிலையங்கள் இன்னும் உள்ளன. அவை உள்ளபோதே கேட்பதுதான் அப்பெட்டிக்கு நாம் செய்யும் மரியாதை.