அழுதால் ஈமான் குறையுமா?



போச்சம்பள்ளி பக்கத்தில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்த பிறகும் ஒரு சகோதரி எழுந்து போகவில்லை. கணவர் இறந்து ஏழு மாதம். "ராத்திரி தூக்கமே வர்றதில்லக்கா. சோறு இறங்கல. அழுதா, அல்லாஹ் மேல நம்பிக்கை இல்லையான்னு வீட்டுல கேக்குறாங்க. எனக்கு ஈமான் குறைஞ்சிடுச்சா?" என்றார்.

வேறு மதத்துச் சகோதரிகளும் இதே கேள்வியை வேறு வார்த்தையில் கேட்கிறார்கள். அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

கோபம், பயம், துக்கம் எல்லாம் மனிதருக்கு இயல்பு. பயந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும். நம்மைக் காப்பாற்ற உடம்பு செய்கிற வேலை அது. உணர்ச்சி வருவது தப்பில்லை. வந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் முக்கியம். மனநல இயல் சொல்வது இதுதான்.

இஸ்லாம் என்ன சொல்கிறது? நபிகள் நாயகம் (ஸல்) தன் குழந்தை இப்ராஹீம் இறந்தபோது கண்ணீர் விட்டார்கள். மகன் யூசுபைப் பிரிந்த துயரத்தில் யாகூப் நபியின் கண்களே வெளுத்துப் போனதாகக் குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் சொல்கிறது. நபிமார்களே அழுதிருக்கும்போது, நாம் அழுதால் ஈமான் எப்படிக் குறையும்?

கோபத்துக்கும் வழி சொல்லியிருக்கிறார்கள். நிற்கும்போது கோபம் வந்தால் உட்காருங்கள். அப்பவும் அடங்கலைன்னா படுங்கள். வாயைத் திறப்பதற்கு முன் கொஞ்சம் நேரம் கொடு என்று இன்றைய ஆலோசகர்கள் சொல்வதும் இதைத்தான்.

934இல் இறந்த அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ, உடம்பைப் போல மனசுக்கும் நோய் வரும் என்று அப்போதே எழுதினார். காரணம் தெரிந்த துக்கம், காரணம் தெரியாத துக்கம் என்று பிரித்தும் காட்டினார்.

எப்போது உதவி தேட வேண்டும்? தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

ஏர்வாடியை மறக்க முடியுமா? 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சொல்கிறது. நோய் வந்தால் மருத்துவம் பாருங்கள் என்பது நபிவழி. துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும்.

அந்தச் சகோதரி, குழுத் தோழி ஒருவர் துணையோடு அரசு மருத்துவமனைக்குப் போய் வருகிறார். ஐந்து வேளைத் தொழுகையையும் விடவில்லை. "இப்ப கொஞ்சம் தூங்குறேன்கா" என்றார்.

14416 என்ற அரசு இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். குழு நோட்டின் அட்டையில் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தில் கணக்கு முடிந்ததும், "உன் மனசு எப்படி இருக்கு?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். கேட்போமா?